நாள் தள்ளிப்போவதை யாரிடம் சொல்வது? மனநல மருந்தும் நரம்பியல் மறுவாழ்வும் பெண்ணுடலும்

வால்ப்ரோயேட் என்ற மருந்து சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் செய்தியில் அடிபடுகிறது. கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணுக்கு, உறுதியான கருத்தடை இல்லாமல் இதைக் கொடுக்கக்கூடாது என்று 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் பிரிட்டன் அதை மேலும் இறுக்கியது. 55 வயதுக்குக் குறைந்த எவருக்கும், ஆணோ பெண்ணோ, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே ஆராய்ந்து வேறு வழியில்லை என்று எழுதிக் கொடுத்தாலொழிய இதைப் புதிதாகத் தொடங்கக்கூடாது என்றது. இங்கே அதே மாத்திரையை வலிப்புக்கும், மனம் மிகையான உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனை மனநோய்க்கும், ஒற்றைத் தலைவலிக்கும் ஏராளமான பெண்கள் சாப்பிடுகிறார்கள். பலருக்கு அது வால்ப்ரோயேட் என்றே தெரியாது. அட்டையில் வால்பாரின், என்கோரேட் போன்ற கம்பெனிப் பெயர்தான் பெரிதாக இருக்கும். சோடியம் வால்ப்ரோயேட், டைவால்ப்ரோயெக்ஸ் என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்து.

செய்தியைப் படித்தவர்கள் கேட்பது: நிறுத்திவிடலாமா? கூடாது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடரும் நிலை வரலாம். அது தாயின் உயிருக்கும் ஆபத்து, கருவுக்கும் ஆபத்து. மாத்திரையை மாற்றலாம், ஆனால் மருத்துவரோடு, வாரக்கணக்கில், ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டி. அதற்கு அவகாசம் வேண்டுமானால், பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்ற கேள்வியைக் கருத்தரிப்பதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும். மனநல மருத்துவர் அது மகப்பேறு மருத்துவரின் வேலை என்று நினைக்கிறார். மகப்பேறு மருத்துவர் மனநல மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் 'அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்' என்கிறார். மறுவாழ்வு வார்டிலோ நோயாளியை நடக்க வைப்பதில்தான் எல்லோருடைய கண்ணும். இப்படி மூன்று துறைகளுக்கு நடுவே எவையெல்லாம் நழுவுகின்றன, நழுவினால் என்ன ஆகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அளவு யாருடைய உடலுக்கு?

கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வழிகாட்டியது. தாலிடோமைடு மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்த அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த வழிகாட்டுதலை 1993இல்தான் விலக்கிக்கொண்டார்கள். பெண்களைக் காப்பாற்றவே வந்த விதிதான், ஆனால் இடைப்பட்ட காலத்தில் மருந்தின் அளவுகள் பெரிதும் ஆண் உடலை வைத்தே முடிவாயின. ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. சந்தைக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, பெண்களின் ரத்தத்தில் அது காலை வரை தங்கி வண்டி ஓட்டும் கவனத்தைக் கெடுக்கிறது என்று கண்டார்கள். 2013இல் பெண்களுக்கான அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆனது.

இந்த வேறுபாடு மூன்று வழிகளில் வருகிறது.

1. மருந்து உடையும் வேகம். மனநோய்க்குத் தரும் ஒலான்சபைன், குளோசபைன் ஆகியவற்றைக் கல்லீரலில் உடைக்கும் நொதி பெண்களிடம் மெதுவாக வேலை செய்கிறது. ஒரே அளவைச் சாப்பிட்டாலும் பெண்ணின் ரத்தத்தில் மருந்து கூடுதலாக நிற்கும்.

2. ஹார்மோன் மூளையிலும் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களைக் கிளறிவிடும். புரோஜெஸ்டிரோன் உடைந்து உண்டாகும் பொருள் அவற்றை அடக்கி வைக்கும். மாதவிலக்குக்குச் சற்று முன் புரோஜெஸ்டிரோன் மளமளவென்று இறங்குகிறது. வலிப்பு நோயுள்ள பெண்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு, சுழற்சியின் குறிப்பிட்ட நாட்களில் வலிப்பு கூடுவதற்கு இது ஒரு காரணம். மனச்சிதைவு நோயில் ஈஸ்ட்ரோஜன் ஓரளவு கவசமாக இருக்கிறது. அதனால்தான் மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் பெண்களுக்கு அந்நோய் புதிதாகத் தொடங்குவதும், அதுவரை அடங்கியிருந்தது கிளம்புவதும் நடக்கிறது.

3. மருந்து ஹார்மோனைக் குறைக்கும், ஹார்மோன் மருந்தைக் குறைக்கும். இதை வலிப்பு மருந்துகளில் விரிவாகப் பார்க்கலாம்.

ஆகவே கடைசி மாதவிலக்குத் தேதியும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போல ஓர் அளவீடுதான். வலிப்பு நோயாளிக்கு மூன்று மாத நாட்காட்டி ஒன்றே போதும். வலிப்பு வந்த நாளை ஒரு நிறத்திலும் விலக்கான நாட்களை வேறு நிறத்திலும் குறித்து வந்தால், எந்த ஸ்கேனிலும் தெரியாத ஒழுங்கு அதில் தெரியும். அப்படித் தெரிந்தால், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் குளோபசாம் போன்ற கூடுதல் மாத்திரை கொடுத்துச் சமாளிக்க முடியும்.

மாதவிலக்கு நின்றுபோனால்: புரோலாக்டின் கதை

புரோலாக்டின் என்பது பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கிறது. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் டோபமைனைத் தடுப்பவை. பிடி தளர்ந்ததும் புரோலாக்டின் ஏறுகிறது. பெண்ணுக்கு இது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். இந்த மருந்துகளில் 100ஐத் தாண்டுவதும் உண்டு. மாதவிலக்கு தவறும் அல்லது நிற்கும். பிள்ளை பெறாதவருக்கும் மார்பில் பால் கசியும். மாதக்கணக்கில் நீடித்தால் எலும்பு மெலியும்.

இதனால் நடக்கும் குழப்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. திருமணமாகாத பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் வீட்டில் சந்தேகம் கிளம்புகிறது. தான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று தவறாக நம்பும் நோயாளிக்கு மார்பில் கசியும் பாலே சாட்சியாகிவிடுகிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போடுபவர்களும் உண்டு. இரண்டு மாதத்தில் நோய் திரும்பும்போது 'ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்' என்று கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. ஏன் சாப்பிடவில்லை என்பது ஏறுவதில்லை.

இவற்றைவிடப் பெரிய பொறி மருந்தை மாற்றும்போது இருக்கிறது. ஓராண்டாக மாதவிலக்கே இல்லாத பெண், தனக்கு இனிக் குழந்தை நிற்காது என்று நம்பியிருப்பார். ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவர் குவெட்டியாபினுக்கோ அரிபிப்ரசோலுக்கோ மாற்றுகிறார். புரோலாக்டின் இறங்குகிறது, சினைமுட்டை வெளிவருகிறது. முட்டை வந்த பிறகுதான் விலக்கு வரும் என்பதால், ஒரு முறைகூட விலக்காகாமலே கர்ப்பம் தரித்துவிட முடியும். மருந்தை மாற்றும் அன்றே கருத்தடை பற்றிப் பேச வேண்டும் என்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. மருந்து தொடங்கும் முன் ஒரு முறை புரோலாக்டின் அளவைப் பார்க்கலாம். ஒவ்வொரு வருகையிலும் விலக்குத் தேதியைக் கேட்கலாம். தள்ளிப்போயிருந்தால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லையென்றால் அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, அல்லது அரிபிப்ரசோலைச் சிறு அளவில் சேர்ப்பது. மருந்தால் விளக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தாலோ, கூடவே தலைவலியும் பார்வைக் குறைவும் இருந்தாலோ மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

வலிப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை, கரு

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாட்கணக்கில் பார்த்தால், விலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்திருக்கும். 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்று மருத்துவரிடம் வருவதே பெரும்பாலும் அப்போதுதான். அன்று வால்ப்ரோயேட்டை நிறுத்தினாலும் நரம்புக்குழாய்க் கோளாறைத் தடுக்க முடியாது. ஆனால் மூளை வளர்ச்சி ஒன்பது மாதமும் நடப்பதால், மாற்றுவதற்கு மதிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

எண்களைச் சொல்லிவிடலாம். எந்த மருந்தும் சாப்பிடாத தாய்க்கும் நூற்றுக்கு 2 முதல் 3 குழந்தைகள் பெரிய பிறவிக் குறையோடு பிறக்கின்றன. வால்ப்ரோயேட்டில் இது நூற்றுக்கு 10 அளவுக்குப் போகிறது. நாளொன்றுக்கு 1,450 மில்லிகிராமுக்கு மேல் போனால் நான்கில் ஒன்று. குறையில்லாமல் பிறந்த குழந்தைகளிலும் நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், நடத்தை வளர்ச்சியில் சிக்கல் வரலாம். கார்பமசெபைன், பெனிடாயின், பீனோபார்பிட்டோன் ஆகியவற்றில் பிறவிக் குறை 5 முதல் 7 வரை. லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் இரண்டும் 3க்குள், அதாவது மருந்தே சாப்பிடாதவருக்கு ஏறத்தாழ இணையாக. ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மாத்திரையைக் கருத்தரிப்பதற்குச் சில மாதம் முன்பிருந்தே சாப்பிடச் சொல்வது வழக்கம். நல்லதுதான். ஆனால் வால்ப்ரோயேட்டின் ஆபத்தை அது அழித்துவிடும் என்று நினைக்கக்கூடாது.

கருத்தடைப் பக்கம் நடப்பது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது.

1. கார்பமசெபைன், பெனிடாயின், பீனோபார்பிட்டோன் மூன்றும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்கள் அதனால் சீக்கிரம் உடைந்துபோகின்றன. ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டும் கரு தங்கிவிடும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இதே கதி.

2. லாமோட்ரிஜினில் கதை தலைகீழ். கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் லாமோட்ரிஜினை ரத்தத்தில் பாதி அளவுக்குக் குறைத்துவிடும், வலிப்பு வரும். அட்டையின் கடைசி வாரத்தில் ஹார்மோன் இல்லாத இரும்புச்சத்து மாத்திரைகளைச் சாப்பிடும்போது லாமோட்ரிஜின் திடீரென ஏறும், தலைசுற்றும், இரட்டையாகத் தெரியும். 'மாசத்தில் ஒரு வாரம் மட்டும் தள்ளாடுகிறது' என்று ஒருவர் சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதே.

3. காப்பர்-டி 380ஏ எந்த மருந்தோடும் மோதாது, பத்தாண்டு தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியையும் வலிப்பு மருந்துகள் கெடுப்பதில்லை. ஆனால் அந்த ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைப்பது. பழைய வலிப்பு மருந்துகளும் அப்படியே. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். மூன்றும் ஒரே உடலில் சேரவிடக்கூடாது.

கர்ப்ப காலத்தில் லாமோட்ரிஜின் மிக வேகமாக வெளியேறும். மாதம் ஒரு முறை ரத்த அளவு பார்த்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். பிரசவமானதும் அது பழைய வேகத்துக்குத் திரும்புவதால், முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே படிப்படியாகக் குறைக்க வேண்டும். குறைக்கும் அட்டவணையைப் பிரசவத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பிள்ளை பெற்ற வீட்டில் அதற்கெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. வலிப்பு வரக்கூடிய தாய் கட்டிலில் அமர்ந்து பால் கொடுப்பதைவிடத் தரையில் சுவரில் சாய்ந்து கொடுக்கலாம். துணி மாற்றுவதும் தரையில் பாயில் வைத்தே. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை மட்டும் வேறொருவர் செய்ய வேண்டும், அல்லது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இரவுப் பாலில் ஒன்றையாவது கறந்து வைத்ததை வேறு யாராவது புகட்டினால் தாய்க்குத் தொடர்ந்து சில மணிநேரத் தூக்கம் கிடைக்கும். தூக்கம் கெடுவதே வலிப்பைக் கிளப்பும்.

லித்தியமும் வயிற்றுவலி மாத்திரையும்

இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியத்தில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம். மாதவிலக்கு வயிற்றுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் எல்லாம் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும் வகை. மாதந்தோறும் மூன்று நாள் இவற்றைச் சாப்பிடும் பெண்ணுக்கு மாதந்தோறும் லித்தியம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம் இவை வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். பரிசோதனைக்குக் கடைசி வேளை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணிநேரம் கழித்து ரத்தம் எடுப்பது முறை, ஆனால் அறிகுறி இருக்கும்போது அதற்காகக் காத்திருக்கக்கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கருவின் இதயத்தை லித்தியம் பாதிக்கும் என்ற அச்சம் பழையது. 2017இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு அதைச் சற்று அடக்கியது. லித்தியம் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 2.4 பேருக்கு இதயக் குறை, சாப்பிடாதவர்களிடம் 1.15. நாளொன்றுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல்தான் ஆபத்து கூர்மையாக ஏறுகிறது. நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்தையும் தராசின் மறு தட்டில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். மசக்கை வாந்தியால் நீர் வற்றினாலோ, பிரஷர் இருக்கிறது என்று உப்பைச் சட்டென்று நிறுத்தினாலோ லித்தியம் ஏறிவிடும் என்பதை மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பிரசவ ஜன்னி என்ற ஒரே பெயரில் நான்கு நோய்

பிரசவமான சில நாளில் பெண் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையை அடையாளம் தெரியாமல் பார்த்தால், ஊரில் 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள். மந்திரிப்பதும் உண்டு, நேராக மனநல வார்டுக்கு அழைத்துப்போவதும் உண்டு. அந்தப் பெயருக்குள் குறைந்தது நான்கு தனித்தனி நோய்கள் இருக்கின்றன, சிகிச்சையும் வெவ்வேறு.

முதலாவது பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராததே முதல் அடையாளம். இருமுனை நோயுள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, முன்பு ஒரு முறை வந்தவருக்கு இரண்டில் ஒன்றை நெருங்கும். இது அவசர நோய், தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. ஆனால் நன்றாகக் குணமாகக்கூடியது.

இரண்டாவது, மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரைகளில் உறைவு. பிரசவத்தையொட்டி ரத்தம் எளிதில் உறையும், அதோடு நீர் வற்றலும் ரத்தசோகையும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு விழும், சளி பிடிக்கும் என்று பத்தியம் வைக்கும் பழக்கம் இங்கே நேரடியாகக் கெடுதல் செய்கிறது. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் சோர்வு, சிலருக்கு வெறும் குழப்பப் பேச்சு மட்டும். சாதாரண சி.டி. ஸ்கேன் இயல்பாகவே தெரியலாம், சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வீனோகிராம் வேண்டும். மூளையில் ரத்தக் கசிவு தெரிந்தாலும் இந்நோயில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்து உறைவைக் கரைய விடுவதுதான் முறை. உறவினர்கள் பயப்படுவது இயல்பு, எனவே இதை முன்னதாகவே விளக்கிவிட வேண்டும்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. கோயில் திருவிழாவுக்கோ சுப காரியத்துக்கோ விலக்கைத் தள்ளிப்போடச் சாப்பிடும் நாரெதிஸ்டிரோன் மாத்திரையின் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிட்டால், ஒரு கருத்தடை மாத்திரைக்கு இணையான ஈஸ்ட்ரோஜன் சேர்ந்துவிடும். சிரை உறைவு ஒரு முறை வந்தவர், பார்வையில் மின்னலும் கோடுகளும் தெரியும் வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை கூடாது. தள்ளிப்போடும் மாத்திரையையும் அவர்கள் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. நோன்பும் நீண்ட நடைப்பயணமும் நீர் வற்றலும் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பும் குழப்பமும். பிரசவத்துக்குப் பிறகும் வரும். பிரஷரை அளந்தாலே பாதி விடை கிடைக்கும். கருப்பைத் தொற்றால் வரும் காய்ச்சல் பிதற்றலையும் இதே வேளையில் பார்த்துவிட வேண்டும்.

நான்காவது பிரசவத்தோடு மட்டும் வருவதல்ல. 2007இல் அடையாளம் கண்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி. உடலின் எதிர்ப்புப் புரதம் மூளை நரம்பணுக்கள் செய்தி வாங்கும் ஏற்பிகளைத் தாக்குகிறது. நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பெண்கள், வயது வந்த பெண்களில் பாதிப் பேரளவுக்குச் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி இருக்கும். சில நாள் காய்ச்சல், தலைவலி. பிறகு சந்தேகம், குரல் கேட்டல், தூக்கமின்மை. சாமி வந்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் முடிவு கட்டும் கட்டம் இது. அதன் பிறகு வாய் தானாகக் கோணுவது, வலிப்பு, உடல் விறைப்பு, பேச்சு நின்றுபோவது. முதுகுத் தண்டுநீரில் அந்தப் புரதத்தைச் சோதிக்க வேண்டும், சினைப்பையை ஸ்கேன் செய்ய வேண்டும், கட்டி இருந்தால் எடுக்க வேண்டும். சரியான சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இரண்டாண்டுக்குள் தேறிவிடுகிறார்கள். மனநலம், நரம்பியல், மகப்பேறு மூன்று துறையும் ஒரே கட்டிலருகே வந்து நிற்க வேண்டிய நோய் இதைப்போல் வேறில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு சத்தமில்லாதது, ஆனால் மிகப் பரவலானது. பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் சரிபார்க்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறது. தடுப்பூசி போட வரும் நாளில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதற்கு 'ஆம்' என்ற பதில் வந்தால் தனியாகப் பேச வேண்டும்.

வார்டுக்குள் சட்டம் என்ன சொல்கிறது

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமானது. மாதவிலக்கின்போது தேவைப்படும் பொருட்களை மருத்துவமனை கொடுத்தாக வேண்டும் என்கிறது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சேர்க்கப்பட்ட தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக்கூடாது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் பிரிக்கலாம். ஆனால் அந்த முடிவைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொடர்ந்து முப்பது நாளைத் தாண்டினால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இதை நடைமுறையில் காட்டும் இடம் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். அங்கே தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009இலிருந்து இயங்குகிறது.

மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை அறுவை செய்வதையும் அச்சட்டம் தடை செய்கிறது. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் இல்லத்திலிருந்த அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்கள் சிலருக்கு, விலக்குக் காலத் தூய்மையைப் பராமரிக்க முடியவில்லை என்ற காரணம் காட்டிக் கருப்பையை அகற்றினார்கள். நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. 2009இல் சண்டிகர் வழக்கொன்றில், அறிவுத்திறன் குறைபாடு இருந்தாலும் கர்ப்பத்தைத் தொடர்வதில் அப்பெண்ணின் சம்மதமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. கணவரோ பெற்றோரோ கையெழுத்திட்டால் போதும் என்று எண்ணுவோர் மருத்துவமனைக்கு உள்ளேயும் இருக்கிறார்கள்.

தண்டுவடக் காயம்: நடப்பதற்கு அப்பால்

அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று அளக்க மறுவாழ்வில் உலகெங்கும் பயன்படும் பார்த்தெல் அளவுகோல் 1965இல் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது எனப் பத்து இனங்கள். நாப்கின் மாற்ற முடிகிறதா என்பதற்குத் தனியாக ஓர் இனம் இல்லை. கேட்கப்படாதது பயிற்சித் திட்டத்திலும் இடம்பெறாது என்பதே இதன் சிக்கல். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றியபோது 1954இல் ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த மருத்துவர் மேரி வர்கீஸ்தான் இந்தியாவில் இத்துறையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் என்பதை நினைத்தால், இந்த விடுபடல் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இங்கே பெண்கள் காயப்படும் விதமே வேறு. துப்பட்டா பைக் சக்கரத்திலோ கதிரடிக்கும் இயந்திரத்திலோ சிக்கிக் கழுத்துத் தண்டுவடம் முறிவது தெற்காசியாவில் காணப்படும் காயம். காயத்துக்குப் பின் சில மாதம் விலக்கு நின்றுபோவது உண்டு, பிறகு திரும்பும். கருத்தரிக்கும் திறன் பெரும்பாலும் குறைவதில்லை. 'இனி உனக்குப் பிள்ளை இல்லை' என்று உறவினர் சொல்வது தவறு.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை:

1. உணர்ச்சியற்ற தோலில் பிளாஸ்டிக் அடிப்பாகமுள்ள நாப்கின் ஈரத்தையும் மடிப்பையும் சேர்த்துப் படுக்கைப்புண்ணாக்கும். நான்கு மணிநேரத்துக்கு ஒரு முறை, சிறுநீர் எடுக்கக் கதீட்டர் குழாய் போடும் வேளையிலேயே மாற்றுவது எளிது. சிறு கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கப் பழக்க வேண்டும்.

2. சிறுநீரைக் கதீட்டரால் நான்கு முதல் ஆறு மணிநேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும், ஒரு முறைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடக்கூடாது. கழிவறை தூரம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதுதான் பெண்களிடம் தொற்றுக்கு வழக்கமான தொடக்கம்.

3. வயிற்றுவலிக்கு வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

இவையெல்லாவற்றையும்விட ஆபத்தானது தன்னியக்க நரம்புக் கொதிப்பு. மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாம் கண்டத்திலோ அதற்கு மேலோ காயமுள்ளவருக்கு, கீழே எந்தத் தொந்தரவு வந்தாலும் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். சிறுநீர்ப்பை நிரம்புவது, மலச்சிக்கல், இறுக்கமான பாவாடை நாடா, விலக்கு வலி, காப்பர்-டி போடுவது, பிரசவ வலி எதுவும் தூண்டலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, காயத்துக்கு மேலே வியர்வை, முகம் சிவத்தல் இவை அறிகுறிகள். இவர்களுக்கு இயல்பான பிரஷரின் மேல் எண்ணே 90 முதல் 110 வரைதான் என்பதால், அளவிட்டு 140 வந்தால் 'நார்மல்தானே' என்று விடுவது உயிரைப் பறிக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, உடையைத் தளர்த்தி, கதீட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர். காரணத்தை நீக்கியும் இறங்காவிட்டால் மருந்து.

பிரசவ அறையில் இதைக் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் என்று தவறாக எண்ணுவது எளிது. வலி எடுக்கும்போது ஏறி, வலி விட்டதும் இறங்கினால் அது நரம்புக் கொதிப்பு. முதுகில் எபிடூரல் என்ற மரப்பு ஊசி போட்டுவிட்டால் தடுக்கலாம், வலியே தெரியாதவருக்கு எதற்கு எபிடூரல் என்று மறுக்கக்கூடாது. மார்புப் பகுதியின் பத்தாம் கண்டத்துக்கு மேலே காயமென்றால் பிரசவ வலி தெரியாமலே போகலாம். கடைசி மூன்று மாதத்தில் வயிற்றின் மேல் கை வைத்துக் கருப்பை இறுகுகிறதா என்று பார்க்கத் தாய்க்கும் வீட்டாருக்கும் பழக்க வேண்டும், கருப்பை வாய் திறக்கிறதா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும்.

கைப்பையில் எப்போதும் ஒரு தாள் இருக்கட்டும்: காயத்தின் இடம், இயல்பான பிரஷர், கதீட்டர் அளவும் நேரமும், சாப்பிடும் மருந்துகளின் வேதிப்பெயர், கடைசி விலக்குத் தேதி, நரம்புக் கொதிப்பு வந்தால் செய்ய வேண்டிய நான்கு வரி. பிரசவ வார்டில் சேர்க்கும்போது அதை ஃபைலுக்குள் வைக்கக்கூடாது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். இரவு டியூட்டிக்கு வரும் நர்ஸ் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.